நின்றுகொண்டு போன பிரயாணங்கள்

கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோவில், திருச்சேறை, குடவாசல் என்ற பழைய ஊர்களைத் தொட்டுக்கொண்டு திருவாரூர் வரையில் செல்லும் சாலை ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரம். அதில் கும்பகோணத்தை அடுத்த 10 கிலோமீட்டருக்குள்தான் என் கல்லூரிப் பருவமும் பிற்பாடு உத்தியோக காலத்தின் பெரும்பகுதியும் காலையும் மாலையுமாகக் கழிந்தன. மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி அனுசரித்துப் போக வேண்டும் என்பதைப் பற்றி நான் அறிந்தவற்றில் கணிசமான பங்கு அந்தச் சாலையில் ஓடிய டவுன் பஸ்ஸில், பெரும்பாலும் நின்றுகொண்டே, கற்றுக்கொண்டதாகும். எந்த அதிகாரியும் பிறப்பிக்காத, எவரும் எழுதி ஒட்டாத, ஆனால் படியேறிய மாத்திரத்தில் பெரியவரும் சிறியவரும் கட்டுப்பட்ட சில நியமங்கள் அங்கே நடைமுறையில் இருந்தன. அவற்றை நினைவு மங்குவதற்கு முன்பு எழுதிவைத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

எங்கள் ஜில்லாவுக்குப் பஸ் புதிதல்ல. 1912-ஆம் ஆண்டிலேயே தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் விடத் தொடங்கிவிட்டார். கும்பகோணம் ராமன் அண்டு ராமன் கம்பெனியின் வண்டிகளைப் பற்றி என் தகப்பனார் வயதினர் திண்ணையில் உட்கார்ந்து பேசக் கேட்டிருக்கிறேன். நான் கல்லூரியில் சேர்ந்த சமயத்தில் அரசாங்கம் பஸ் போக்குவரத்தைத் தன் பொறுப்பில் ஏற்று, 1972-இல் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டுச் சில காலமே ஆகியிருந்தது. வண்டிக்குள்ளே வள்ளுவர் படமும் ஒரு குறளும், ஜன்னல்களுக்கு மேலே கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்ற எச்சரிக்கையும், இடப்புற ஆசனங்களுக்கு மேலே பெண்கள் என்ற எழுத்தும், உட்கார இத்தனை பேர் நிற்க இத்தனை பேர் என்ற கணக்கும் எழுதியிருக்கும். எழுத்திலிருந்த சட்டம் அவ்வளவே. மற்றதெல்லாம் ஜனங்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது.

நெரிசலுக்குக் காரணம் ஜனத்தொகை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் சம்மதமில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், பெரியாஸ்பத்திரி, மார்க்கெட்டு ஆகிய எல்லாம் காலை எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில்தான் சுற்றுவட்டாரத்து ஜனங்களைக் கும்பகோணத்துக்கு அழைத்தன; அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் சாலைக்கு வாய்த்த வண்டிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றிலும் ஒன்று டெப்போவில் பழுதாகி நின்றுவிட்டாலோ, முகூர்த்த நாளில் கல்யாண கோஷ்டிக்காக ஸ்பெஷல் போய்விட்டாலோ, அந்த டிரிப் கட்டாகி, அதற்காகக் காத்திருந்தவர்களும் அடுத்த வண்டியில்தான் ஏற வேண்டும். வசூலைப் பொறுத்துக் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் பேட்டா உண்டு. ஆகவே சாலையோரம் கை காட்டி நிற்கிற எவரையும் விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனம் வராது. அதில் பேட்டாவின் பங்கு எவ்வளவு, தாட்சண்யத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பகல் பன்னிரண்டு மணிக்கு அதே வண்டி பாதி ஆசனங்கள் காலியாக அதே சாலையில் போகும்.

நாச்சியார்கோவில் பெருமாள் கோவிலில் மார்கழியிலும் பங்குனியிலும் நடைபெறும் கல் கருட சேவையைத் தரிசித்தவர்களுக்குத் தெரியும்: சந்நிதியில் 4 பேர் தூக்கும் கருடனை வெளியே வர வர 8 பேர், 16 பேர், 32 பேர் என்று தூக்குவோர் தொகை இரட்டித்துக்கொண்டே போய், முடிவில் 64 பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் காலை வண்டியும் அப்படித்தான் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கனத்துக்கொண்டு வரும். குத்துவிளக்கின் அடிப்பாகத்தையும் தண்டையும் முகப்பையும் தனித்தனியாகக் கழற்றிச் சாக்கில் கட்டி எடுத்துவரும் பட்டறைக்காரர், ஈரச் சாக்கில் சுற்றிய வெற்றிலைக் கட்டோடு கொடிக்கால்காரர், கீரைக்கூடைக்காரி, தயிர்க்காரி, வாய்தாவுக்குப் போகிற குடியானவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி, அவள் கையைப் பற்றியபடி வரும் அவள் தாயார், இவர்களுக்கு நடுவே புத்தகமும் டிபன் கேரியருமாக எங்களைப் போன்ற மாணவர்கள் என்று, இத்தனை பேரும் ஒரு தகரக் கூரையின் கீழ் அரைமணி நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக்கொண்டு நிற்போம்.

ஏறினவன் படியருகிலேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் முதல் நியமம். ஏறுவதற்கு முன்பு, "இன்னும் ரெண்டு பேர் ஏறலாம், நகருங்க" என்று கெஞ்சியவன், ஏறிய மறு நிமிஷமே, "இதுக்கு மேல இடம் ஏது?" என்று கேட்கும் சுபாவம் மனிதனுக்கு இயற்கை. அந்தச் சுபாவத்தைக் கண்டக்டரின் குரலும் பின்னால் நிற்பவரின் முழங்கையும் திருத்திவிடும். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எவ்வளவு இடம் கெடக்கு" என்ற அந்தக் குரலை நாள் முழுவதும் கேட்டவர்களுக்கு இரவில் தூக்கத்திலும் கேட்கும். உள்ளே நகர்ந்த பிறகு நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. நேராக நில்லாமல் சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். அப்போதுதான் இறங்குகிறவர் ஒருக்களித்துப் போக வழி இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் தலைக்குப் பின்னாலுள்ள கம்பியைப் பிடிக்கையில் அவர் பிடரியில் விரல் படாமல் பிடிக்க வேண்டும். குடையை நுனி கீழே இருக்கும்படி பிடிக்க வேண்டும். சாம்பார் உள்ள கேரியரை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் ஜன்னலோரத்தில் இருப்பவர் தம் காற்றையும் வெளிச்சத்தையும் தியாகம் செய்து, சுருட்டியிருக்கும் படுதாவை அவிழ்த்துவிட வேண்டும். ஜன்னலோரம் என்னும் பாக்கியத்துக்கு உரிய கடமையாகவே அதைக் கருதினார்கள்.

டிக்கெட் விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். இக்காலத்தில் கையடக்கமான இயந்திரம் ஒரு காகிதத்தைத் துப்பிவிடுகிறது. அக்காலத்திலோ கண்டக்டரின் இடக்கையில் தொகைக்கு ஒரு நிறமாக டிக்கெட்டுக் கட்டுகள் அடுக்கியிருக்கும். கக்கத்தில் தோல்பை, உதட்டில் விசில், காதில் பேனா. ஸ்டேஜ் தாண்டுவதற்குள் அத்தனை பேருக்கும் அவர் டிக்கெட் போட்டாக வேண்டும். செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் ஏறிவிட்டால் டிக்கெட்டில்லாத பிரயாணிக்கு மட்டுமன்றி அவருக்கும் ஆபத்து. ஆதலால் ஊர் எல்லைக்குச் சற்று முன்பு ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, "டிக்கெட் போட்டு முடிச்சாத்தான் வண்டி நகரும்" என்று அவர் அறிவிப்பதுண்டு. நெருக்கம் மிகுந்த நாட்களில் பின்படியை விட்டு அவரால் ஓர் அடிகூட முன்னேற முடியாது. அப்போது காசுதான் அவரைத் தேடிப் போகும்.

முன்வரிசையில் நிற்கிற ஒருவர், "பஸ் ஸ்டாண்டு ஒண்ணு" என்று சொல்லிக் காசைப் பின்னால் நீட்டுவார். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வாங்கிக்கொள்பவர் யாரென்று அவருக்குத் தெரியவும் தெரியாது. சதுரமான ஐந்து பைசாவும் ஓரம் வளைவு வளைவான பத்துப் பைசாவுமாக அந்தச் சில்லறை, பித்தளை மெருகேற்றிக் கறுத்த விரல்களிலிருந்து சுண்ணாம்பு ஒட்டிய விரல்களுக்கும், அங்கிருந்து மசிக் கறை படிந்த விரல்களுக்கும், பிறகு வளையல் அணிந்த ஒரு கைக்கும் மாறி மாறிப் போகும். காசோடு, "பஸ் ஸ்டாண்டு ஒண்ணு" என்ற வாக்கியமும் வாய்க்கு வாய் மாறிப் போகும். சிறிது நேரத்தில் டிக்கெட்டும் மீதியும் அதே கைகளின் வழியாகத் திரும்பி வரும். யார் முகத்தையும் பாராமல், தோளுக்குப் பின்னால் விரித்த ஓர் உள்ளங்கையில் அவை வைக்கப்படும். நான் பிரயாணம் செய்த காலம் முழுவதிலும், அவ்விதம் அனுப்பிய காசு வழியில் குறைந்துபோனதாக ஒருவர் சண்டையிட்டதை நான் கண்டதில்லை. அந்தக் கைகளில் பல, அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களின் கைகள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்மீது உண்டாகும் மரியாதை இப்போதும் குறையவில்லை.

சில்லறைப் பஞ்சம் ஏற்பட்ட காலங்களில் இதற்கு மேலும் ஒரு நம்பிக்கை தேவைப்பட்டது. பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்துவிட்டு, இறங்கும்போது கண்டக்டர் மூன்று பேரை ஒன்றாக நிறுத்தி, "உங்க மூணு பேருக்கும் சேத்து இந்த நோட்டு, நீங்களே பிரிச்சுக்குங்க" என்று ஒரே நோட்டைக் கொடுத்துவிடுவார். ஒரு தரம் நானும், ஒரு வக்கீல் குமாஸ்தாவும், வெற்றிலை வியாபாரி ஒருவரும் அவ்வாறு ஒரு நோட்டுக்குக் கூட்டுப் பாத்தியதையாகி, அதை மாற்றுவதற்காகப் பஸ் ஸ்டாண்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். சும்மா சில்லறை தர எவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வெற்றிலைக்காரர் தம் செலவில் மூவருக்கும் டீ வாங்கி, மீதிச் சில்லறையில் எங்கள் பங்கை ஒரு பைசா குறையாமல் பிரித்துக் கொடுத்தார், டீக்குரிய காசை நாங்கள் நீட்டியபோது, "படிக்கிற புள்ளைகிட்ட வாங்குவனா தம்பி? குமாஸ்தாய்யாவுக்கு வேணும்னா நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வர்றப்ப அவரு வாங்கிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு பல வருஷங்கள், வண்டியில் எங்கே நின்றாலும் அவர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அவர் பெயரை நான் கேட்டதில்லை; அவரும் என் பெயரைக் கேட்டதில்லை.

உட்கார்ந்திருப்பவர் நிற்கிறவரின் சுமையை வாங்கிக்கொள்வது இன்னொரு நியமம். இதைக் கேட்டுப் பெற வேண்டியதில்லை. ஆசனம் கிடைத்தவருடைய மடியில், தம் பையின் மேல் அடுத்தவர் பையும், அதன் மேல் முன்பின் தெரியாத மாணவர் நால்வருடைய நோட்டுப் புத்தகங்களும் ஏறிவிடும். சில நாட்களில் பைக்குப் பதிலாகக் குழந்தையே வரும். தாயார் பின்னால் எங்கோ நெரிசலில் நிற்க, குழந்தை ஓர் அந்நியர் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு கும்பகோணம் வந்து சேரும். இறங்கும் சமயத்தில் ஜன்னல் வழியாக அதை வாங்கிக்கொண்டு, "வரேங்க" என்ற ஒரு சொல்லோடு அந்தத் தாயார் போய்விடுவாள்.

துண்டு போட்டு இடம் பிடிக்கும் வழக்கத்தைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயம் மற்றவர்களோடு சேராது. பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நின்றதும், படியில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ ஆசனத்தில் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்குச் சொந்தம் என்பதை ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கு விவரமான வியவகார சாஸ்திரமே இருந்தது. ஒரு துண்டுக்கு ஓர் ஆசனம்தான். மூவர் உட்காரும் ஆசனத்தில் நீளவாக்கில் விரித்தால் செல்லாது. ஓடுகிற வண்டியோடு கூடவே ஓடிப் போட்ட துண்டு செல்லாது. போட்டவர் டீ குடிக்கப் போய்விட்டால் செல்லுமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. வழக்கு முற்றினால் பட்டறைக்காரர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார்; அவர் வார்த்தையை இரு தரப்பாரும் ஏற்பார்கள். ஆனால் அந்தச் சாஸ்திரம் முழுவதும் உயரமும் நீண்ட கையும் உள்ளவர்களுக்காக ஏற்பட்டது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. ஜன்னல் எட்டாத கிழவிக்கும், இடுப்பில் குழந்தையோடு நின்றவளுக்கும், கால் ஊனமுற்றவருக்கும் துண்டினால் கிடைத்த இடம் ஒன்றுமில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒருவனை அவன் தகப்பனார் ஜன்னல் வழியாகவே தூக்கி உள்ளே இறக்கி மூன்று ஆசனங்களுக்குக் காவல் வைத்ததையும், அதே வேளையில் கைத்தடியோடு ஒரு முதியவர் படியின் முதல் கம்பியைப் பிடிக்க இயலாமல் திணறியதையும் ஒருசேரப் பார்த்த பிறகு, அந்த வழக்கத்தை நியாயமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இனி, நெரிசல் செய்த ஒரு பெரிய காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பிரதேசத்தில் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே இத்தனை அடி தூரம் என்று அளந்து வைத்திருந்த காலம் வெகு தூரத்தில் இல்லை. சுதந்திரத்துக்கு முன்பு பஸ் முதலாளிகள் சிலர் ஆதிதிராவிடர்களை வண்டியில் ஏற்றவே மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக விளங்கிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் வண்டிகளின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. எங்கள் தஞ்சை ஜில்லாவிலேயே, நான் கல்லூரியில் காலெடுத்து வைப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1968 டிசம்பரில், கீழ்வெண்மணியில் கூலி விவசாயிகளின் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த ஜில்லாவின் பஸ்ஸில்தான் நாங்கள் எல்லாரும் ஏறினோம்.

கூட்டமில்லாத ஒரு பகல் வண்டியில் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மிராசுதார் ஒருவர் இருவர் உட்காரும் ஆசனத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் நிலத்தில் பரம்பரையாக வேலை செய்த ஒருவர் ஏறினார். அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வண்டியில் வேறு இடமும் இருந்தது. ஆயினும் ஐயா எதிரில் உட்காரலாகாது என்று, தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கும்பகோணம் வரையில் நின்றே வந்தார். மிராசுதாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் காலை வண்டியில் இந்தச் சம்பிரதாயம் நிலைக்கவில்லை. "ஐயா, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க. இந்தாப்பா, நீ உக்காரு, வழியை அடைச்சுக்கிட்டு நிக்காத" என்று கண்டக்டர் இரைந்தார். அவருக்குச் சீர்திருத்தம் செய்யும் நோக்கமில்லை. டிக்கெட் போட வழி வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதர் உட்கார்ந்தார். எப்படி உட்கார்ந்தார் என்பது என் கண்ணில் நிற்கிறது. ஆசனத்தின் விளிம்பில் ஒரு தொடை மட்டும் பதிய, மறுகால் நடைவழியில் ஊன்றியிருக்க, முன்கம்பியை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எந்த நிமிஷமும் எழுந்துவிடத் தயாராயிருப்பவராக உட்கார்ந்தார். நாட்கள் செல்லச் செல்ல, அவரைப் போன்றவர்கள் முழுமையாகச் சாய்ந்து உட்கார்ந்ததையும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கல்லூரிப் புத்தகங்களோடு வந்து எவரைக் குறித்தும் யோசனையின்றி அமர்ந்ததையும் நான் பார்த்தேன். மழைக்காலக் காலையில் நனைந்த தோளும் நனைந்த தோளும் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, எது எந்தத் தெருத் தோள் என்று எப்படிப் பிரிப்பது?

பஸ் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதே மனிதர்கள் இறங்கிப் போன டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது. பிற்காலத்தில் போக்குவரத்துக் கழகங்களுக்குச் சூட்டிய தலைவர்களின் பெயர்களே ஜாதிக் கலவரத்துக்குக் காரணமாகி, 1997-இல் அந்தப் பெயர்களையெல்லாம் அரசாங்கம் நீக்கிவிட நேர்ந்தது. எங்கள் சோழனும் அப்போது வண்டியின் பக்கவாட்டிலிருந்து அழிந்துபோனான். ஆனாலும் சட்டமும் பிரசங்கமும் நுழையாத இடத்தில் ஒரு மூவர் ஆசனம் நுழைந்தது என்பது நான் பிரத்தியட்சமாகக் கண்டது.

இவ்வளவு நன்மை செய்த நெரிசல் பெண்களுக்குக் கொடுமையே செய்தது. ஆண்களின் தோள்கள் ஒட்டிக்கொண்டதைப் புகழ்ந்து எழுதும் கை, அதே கூட்டத்தில் பெண்கள் பட்ட துன்பத்தை எழுதாமல் விடுவது தர்மமாகாது. எங்கள் வண்டியில் வந்த டீச்சரம்மாக்களும் கல்லூரிப் பெண்களும் ரவிக்கையில் ஓர் ஊக்கைக் கூடுதலாகக் குத்திக்கொண்டு வருவார்கள். எதற்கென்று அவர்கள் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த ஒரு பெண் நடைவழியில் நின்றாள். அவள் பின்னால் நின்றவர் வெள்ளை வேட்டி கட்டிய நடுவயதுக்காரர். வண்டி திரும்பாத இடத்திலும் அவர் சாய்ந்தார். அந்தப் பெண் முன்னால் நகர்ந்தாள்; அவரும் நகர்ந்தார். அவள் முகம் அழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது, வாய் திறக்கவில்லை. அப்போது தரையில் குந்தியிருந்த கீரைக்காரி எழுந்து, ஈரம் சொட்டும் தன் கூடையை இருவருக்கும் நடுவே தொப்பென்று வைத்து, "கூடை இங்கதான் இருக்கும். தள்ளி நில்லு. ஒம் பொண்ணு வயசு இல்ல அது?" என்று வண்டி முழுவதும் கேட்கும்படி சொன்னாள். வேட்டி நனைந்து கறைபட்ட அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்தில், அது அவர் இறங்க வேண்டிய இடமோ அல்லவோ, இறங்கிப் போனார். கீரைக்காரி அந்தப் பெண்ணைப் பார்த்து, "வாயத் தொற பாப்பா, நாங்கள்லாம் இருக்கம்ல" என்றாள். பெண்களைச் சீண்டுவதைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் 1998-இல்தான் வந்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிழவி தன்னிடமிருந்த ஒரே சாதனத்தைக் கொண்டு அந்தச் சட்டத்தை அமலாக்கினாள். அந்தப் பெண் பின்னாளில் பள்ளித் தலைமையாசிரியையாகி ஓய்வு பெற்றார்.

படியில் தொங்குவதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. வாலிபர்கள் தொங்கினார்கள், வண்டி இடப்புறமாகச் சாய்ந்துகொண்டு ஓடியது, சில டிரைவர்கள் எல்லாரும் உள்ளே வந்தாலன்றி நகர்த்த மாட்டேன் என்று இன்ஜினையே நிறுத்தினார்கள். படியில் பயணம் நொடியில் மரணம் என்று எழுதியிருந்த வண்டியின் படியிலேயே அது நடந்தது. எங்கள் ஊர்த் தெருவில் அதனால் பிள்ளையை இழந்த வீடு ஒன்று உண்டு. கதவு வைத்த வண்டிகள் வந்ததை நான் வரவேற்கிறேன்.

அந்நாளைய கண்டக்டர்களில் ஒருவரை மட்டும் தனியே நினைவுகூர வேண்டும். குடவாசல் பக்கத்துக்காரர், மெலிந்த தேகம், கோபக்காரர் என்றே பெயர். பின்படியில் நின்றாலும் அவர் பார்வை முன்படியிலேயே இருக்கும். கிழவி ஒருத்தி ஏறினால், ஒரு கால் படியில் பட்டதும் விசில் ஊதிவிடும் அவசரம் அவரிடம் கிடையாது. "ஏறிட்டியா ஆயா?" என்பார். "ஏறிட்டன் தம்பி" என்று பதில் வரும். "கம்பியப் புடிச்சிட்டியா?" என்பார். "புடிச்சிட்டம்பா" என்று கேட்ட பிறகே அவருடைய விசில் ஒலிக்கும். இதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சில விநாடிகள் தாமதமாயிற்று, பிரயாணிகள் முணுமுணுத்தார்கள். அவர் லட்சியம் செய்யவில்லை. கடிகாரத்தைக் காட்டிக் கேட்டவரிடம், "ஒங்க ஆத்தா ஏறுற அன்னிக்கும் இப்படித்தான் நிப்பேன்" என்று ஒரே பதிலாகச் சொல்லிவிட்டார். கைதேர்ந்த உத்தியோகஸ்தர்கள் பலரோடு பிற்காலத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். தம் கடமை எந்த இடத்தில் முடிகிறது என்பதை அவரைப்போலத் துல்லியமாக அறிந்தவர்கள் சிலரே.

காலம் மாறிவிட்டது. ஆண்கள் பெரும்பாலும் இரு சக்கர வாகனங்களுக்குப் போய்விட்டார்கள். காசு கைமாறிப் போவது அருகிவிட்டது. நிற்கிறவர் முதுகில் மாட்டிய பை பின்னால் நிற்பவர் முகத்தில் இடிக்கிறது. கையில் வாங்கிக்கொள்ளச் சொன்னால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். செல்போனில் பாட்டை ஊருக்கே வைக்கிறார்கள். இவற்றையெல்லாம் குறையாக மட்டும் சொல்வது வயதானவர்களின் வழக்கம். நான் அவ்விதம் முடிக்க விரும்பவில்லை. ஏனென்றால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகலாம் என்ற ஏற்பாடு வந்தது. அதன் பின் எங்கள் சாலையின் வண்டியில் ஏறுகிறபோதெல்லாம், முன்பு பஸ் கூலிக்கு அஞ்சி நடந்தே போன, அல்லது போகாமலே இருந்துவிட்ட பெண்களைப் பார்க்கிறேன். நாலு வீடு தள்ளி வேலைக்குப் போனவள் கும்பகோணத்துக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். மகளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு தரம் போனவள் வாரந்தோறும் போகிறாள். பெண்கள் என்று இடப்புறத்தில் எழுதிவைத்திருந்த வண்டி முழுவதுமே இன்று ஏறக்குறைய அவர்களுடையதாகிவிட்டது. எனக்கு அதில் உள்ள சந்தோஷம் சொல்லி முடியாது.

ஆனால் அவர்கள் மரியாதையோடு ஏற்றிக்கொள்ளப்படுகிறார்களா? நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டி இருபது கஜம் தள்ளிப் போய் நிற்பதையும், சில வேளை நிற்காமலே போவதையும், முழங்கால் வலியுள்ளவர்கள் கூடையோடு அதன் பின்னால் ஓடுவதையும் நானே பார்த்திருக்கிறேன். "காசா குடுத்த? ஓரமா நில்லு" என்ற பேச்சு என் காதில் விழுந்திருக்கிறது. அவர்களுக்குரிய கட்டணத்தை அரசாங்கம் கழகங்களுக்கு ஈடு செய்கிறது. அந்தப் பணமோ அவர்களும் சேர்ந்து கொடுத்த வரிப்பணம். அவர்கள் கையிலுள்ள சீட்டு மற்றவர் சீட்டுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் சீட்டுக் கொடுக்கிறவர்களுக்கும் நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வேலையின் சிரமத்தை அந்தச் சாலையில் நெடுங்காலம் நின்று பார்த்தவன் நான். டிரிப் நேரம் உங்களை விரட்டுவதும் தெரியும். நிறுத்தத்தில் பெண்கள் மாத்திரம் நிற்கும்போதும் நிறுத்தத்திலேயே நிறுத்துங்கள். அந்த அம்மாளின் இரண்டாவது காலும் படியில் பதிந்து, அவள் கை கம்பியைப் பிடித்த பிறகு விசில் ஊதுங்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் அந்தச் சில விநாடிகளுக்காக முணுமுணுக்காமல் இருப்போம். அவள் கூடையை வாங்கிக் கீழே வைக்கக் கை கொடுப்போம்.